நத்தைக்கும் கணவாய்க்கும் நடுவே ஏணி கிடையாது

மழைக்காலத்தில் சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்குகிறது. சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியே தெற்கு பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. தாம்பரத்தைச் சுற்றி வாழும் நமக்கு இது வெள்ள வடிகால் பாதை. நவம்பர், டிசம்பரில் மட்டும் நினைவுக்கு வரும். உயிரியல் கண்ணோடு பார்த்தால் இதே பாதை ஒரு பெரிய குடும்பத்தின் குடியிருப்பு. மேல்முனையில், ஏரிச் சேற்றில் ஆப்பிள் நத்தை. நடுவில், உப்பும் நன்னீரும் கலக்கும் முட்டுக்காட்டில், சென்னையின் பெயரை அறிவியல் பெயராகச் சுமக்கும் மட்ராசென்சிஸ் சிப்பி. கீழ்முனையில், கோவளம் கடலில், ஊசிக்கணவாயும் ஓட்டுக்கணவாயும். மூன்றும் மெல்லுடலிகள் என்ற ஒரே தொகுதி; ஒரே மூதாதையின் வழிவந்தவை. நத்தைக்குத் தலையும் அதில் சில நரம்பு முடிச்சுகளும் உண்டு. சிப்பிக்குத் தலையே இல்லை. கணவாய் இனத்துக்கோ முதுகெலும்பற்ற விலங்குகளிலேயே மிகப் பெரிய மூளை. இந்த வேறுபாட்டைத் தாழ்ந்தது, நடுத்தரமானது, உயர்ந்தது என்று படிப்படியாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. அந்தப் பழக்கம் தவறு என்பதே இங்கே என் வாதம். அந்தத் தவறு வகுப்பறையோடு நிற்காமல், ஏரிகளை நாம் தூர்வாரும் முறைவரை வந்து சேர்கிறது.

படிக்கட்டுப் பார்வை புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி ஆறு நிலைகளாக வகுக்கிறது. தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் முதல் நிலை. அதோடு சுவையும் அறியும் நத்தை, சிப்பி வகைகள் இரண்டாம் நிலை. பிறகு மூக்கு, கண், செவி என்று ஏறி, மனம் படைத்த மனிதரில் முடிகிறது. உயிர்களை உருவத்தாலோ நமக்குக் கிடைக்கும் பயனாலோ பிரிக்காமல், அவை உலகை உணரும் வாயில்களைக் கொண்டு பிரித்தது அந்தக் காலத்துக்கு மிக உயர்ந்த சிந்தனை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் உயிர்களை வரிசைப்படுத்தினார். ஐரோப்பா அதைப் பல நூற்றாண்டுகள் இயற்கையின் ஏணி என்று போற்றியது. டார்வினுக்குப் பின் அறிவியல் ஏணியைக் கைவிட்டுக் கிளைவிடும் மரத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் பாடத்தின் வரிசை மாணவர் மனத்தில் இன்றும் ஏணியாகவே பதிகிறது. மேல்நிலை விலங்கியலில் கடற்பஞ்சுகளில் தொடங்கி, குழியுடலிகள், புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள் என்று போய் முதுகுநாணிகளில் முடிக்கிறோம். மெல்லுடலிகளுக்கு ஒரு படி மேலே என்று தோன்றும் இடத்தில் இருப்பது நட்சத்திரமீன். அதற்கு மூளையே கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைகளுக்குள் ஓடும் நரம்புகள், அவ்வளவே. அதற்கு முந்தைய பாடத்தில் இருக்கும் ஆக்டோபஸுக்கு, நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று அழைப்பதற்கு, சுமார் 50 கோடி நரம்பணுக்கள். நட்சத்திரமீனின் கரு வளரும் விதம் நம் கரு வளரும் விதத்துக்கு நெருக்கமானது. அதனால்தான் அது நம் பக்கத்தில் வைக்கப்பட்டது. உறவு நெருக்கத்தைக் காட்டும் அந்த வரிசைக்கும் அறிவாற்றலுக்கும் தொடர்பில்லை. இதை ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால், பக்க எண் கூடக் கூட உயிர் உயர்கிறது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

மெல்லுடலியின் அடிப்படை அமைப்பு எளிது. ஊர்ந்து செல்லத் தசையாலான பாதம், குடலும் இதயமும் அடங்கிய உள்ளுறுப்புத் திரள், அதன்மேல் போர்த்திய மேன்டில் என்னும் தோல், அந்தத் தோல் சுரக்கும் சுண்ணாம்பு ஓடு. பெரும்பாலானவற்றின் வாயில் ராடுலா என்ற அரநாக்கும் உண்டு. இவற்றை நீட்டியும் சுருக்கியும் முறுக்கியும், சிலவற்றைத் தொலைத்தும்தான் இன்று பெயரிடப்பட்டிருக்கும் ஏறத்தாழ 85,000 இனங்கள் உருவாயின. ஏரி நத்தையில் நடப்பது முறுக்கு. கருவிலேயே அதன் உள்ளுறுப்புத் திரள் பாதத்தின் மேல் 180 பாகை திரும்பிவிடுகிறது. பின்னால் இருக்க வேண்டிய கழிவுத் துளை தலைக்கு மேலே வந்துவிடுகிறது. உடல் திரும்பும்போது உள்ளுறுப்புகளுக்குப் போகும் நரம்பிழைகளும் சேர்ந்து திரும்பி, எட்டு வடிவில் குறுக்கே பின்னிக்கொள்கின்றன. 1925-ல் பெய்னி பிரசாத் ஆப்பிள் நத்தையின் உடற்கூறை விரிவாக எழுதி வெளியிட்டார். அதற்குப் பின் தலைமுறை தலைமுறையாக நம் கல்லூரி மாணவர்கள் இந்த நரம்புகளை அறுத்து வைத்து, வரைந்து, மதிப்பெண் வாங்கினார்கள். பல்கலைக்கழக மானியக் குழு பின்னாளில் அந்த அறுவைப் பயிற்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது நல்ல முடிவு. வருத்தம் வேறொன்றில். முடிச்சுகளின் பெயர்களை மனப்பாடம் செய்த அத்தனை ஆண்டுகளில், நரம்புகள் ஏன் குறுக்கே போகின்றன என்ற கேள்வி வகுப்பில் பெரிதாக எழவில்லை. உடல் திரும்பியது, நரம்பும் உடன் போனது என்பதே விடை. மூளையும் நரம்பும் உடலுக்கு மேலே தனியாக உட்கார்ந்து ஆள்பவை அல்ல, உடலமைப்பின் வரலாற்றோடு பிணைந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சங்கின் சுருளும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. அரிதாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கை நாம் பூசையறையில் வைத்துப் போற்றுகிறோம். நத்தைகளில் சுருளின் திசையைத் தீர்மானிப்பது குஞ்சின் சொந்த மரபணு அல்ல, தாயின் மரபணு என்று 1923-லேயே ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் சொன்னார். 2019-ல் ஜப்பானில் மசனோரி அபே, ரெய்கோ குரோடா இருவரும் லிம்னேயா என்ற குளத்து நத்தையில் அந்த ஒரே மரபணுவைச் செயலிழக்கச் செய்து, எதிர்த்திசையில் சுருளும் நத்தைகளைப் பெற்றார்கள். கரு ஒருசில செல்களாக இருக்கும்போதே திசை முடிவாகிவிடுகிறது. ஒரு புரதம் இல்லாமல் போனதால் ஓடும் உள்ளுறுப்புகளும் இடம் வலம் மாறி, கண்ணாடிப் பிம்பமாக வளர்கின்றன. அந்த நத்தை மற்ற நத்தைகளைவிடத் தாழ்ந்ததும் அல்ல, உயர்ந்ததும் அல்ல. வளர்ச்சியின் தொடக்கத்தில் நேரும் சின்ன மாற்றம் முழு உடலின் அமைப்பையே புரட்டிப் போட முடியும். பரிணாமம் படிகளில் ஏறுவதல்ல, இத்தகைய திருப்பங்களில் கிளைவிடுவது.

சிப்பியை எல்லாரும் எளிதில் அறிவற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதன் கதை ஏணிக்கு இன்னும் பெரிய இடி. சிப்பியின் முன்னோர்களுக்குத் தலை இருந்தது. இரண்டு ஓடுகளுக்குள் உடலை அடைத்துக்கொண்டு, செவுளால் நீரை வடிகட்டி உண்ணும் வாழ்க்கைக்கு மாறியபோது, தேடிப் போய் இரை பிடிக்கும் தேவை போயிற்று. தலையும் அரநாக்கும் போயின. பாக்கி இருப்பவை மூன்று இணை நரம்பு முடிச்சுகள். இது பின்னடைவா? கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கழிமுகங்களையும் பவளப் பாறைகளையும் நிரப்பி வாழும் ஓர் இனத்தைத் தோற்றுப்போனது என்று சொல்ல எந்த அளவுகோலும் இல்லை. அதே சிப்பிகளுக்குள்ளேயே ஸ்காலப் என்ற விசிறிச் சிப்பியைப் பாருங்கள். ஓடுகளை அடித்துக்கொண்டு நீந்தக்கூடியது. நட்சத்திரமீன் நெருங்கினால் துள்ளித் தப்பும். அதன் மேன்டில் விளிம்பில் 200 கண்கள்வரை இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணிலும் வில்லைக்குப் பின்னால் நுண்படிகங்களால் ஆன ஒரு கண்ணாடி ஒளியைக் குவிக்கிறது. அந்தக் கண்களின் நரம்புகள் போய்ச் சேரும் முடிச்சு மற்ற சிப்பிகளில் இருப்பதைவிடப் பெரிதாகி, பார்வைக்கென்று தனி மடல்களும் கொண்டிருக்கிறது. தலையை இழந்த இனம், தப்பியோடும் வாழ்க்கை வந்ததும், தலையில்லாமலேயே பார்வையையும் அதற்கான நரம்பு மையத்தையும் வேறோர் இடத்தில் கட்டிக்கொண்டது. ஏணியில் இதை எந்தப் படியில் வைப்பது?

தென்சென்னைப் புறநகரில் மழை பெய்தால் சுவரிலும் வாழையிலும் ஏறும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை எல்லாரும் பார்த்திருப்பார்கள். 1847-ல் வில்லியம் பென்சன் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டதிலிருந்து இந்தியாவில் பரவிய இனம் அது. தோட்டத்துக்கு எதிரி, எலியின் நுரையீரல் புழுவைச் சுமப்பது; அதை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் நரம்பு மண்டலம் ஏரி நத்தையினுடையதைப் போன்றதல்ல. நிலத்து நத்தைகளில் முறுக்கிய நரம்பிழைகள் மறுபடி சுருங்கி, முடிச்சுகள் தலைக்குள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன. மோப்பத்துக்கென்றே நுண்ணிய நரம்பணுக்கள் செறிந்த ஒரு மடலும் உண்டு. ஒரு முறை தின்ற உணவின் வாசனையைப் பல வாரங்கள் நினைவில் வைத்து அதைத் தேடிப் போகும் என்று ரோஜர் குரோல், ரொனால்டு சேஸ் ஆகியோரின் ஆய்வுகள் 1970-களிலேயே காட்டின. காற்றில் வரும் மணத்தைப் பின்தொடர்ந்து நிலத்தில் பிழைக்க வேண்டியிருந்த நத்தைகளுக்கு மோப்ப மூளை வந்தது. கடல் முயல் என்ற, வெளி ஓடில்லாத நத்தைக்கு ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள்தான். அதை வைத்துக்கொண்டுதான் எரிக் கேண்டல் நினைவு எப்படி நரம்பிணைப்பில் பதிகிறது என்று கண்டறிந்து 2000-ல் நோபல் பரிசு பெற்றார். நினைவுக்குப் பெரிய மூளை கட்டாயமில்லை.

இனி கணவாய். இதன் பழங்கதை தாம்பரத்திலிருந்து திருச்சி செல்லும் ரயில் பாதையிலேயே கிடக்கிறது. அரியலூரைச் சுற்றியுள்ள பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தில் அந்த நிலப்பகுதியை மூடியிருந்த கடலின் அடிப்படிவுகள். அவற்றில் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் ஏராளம். காரை அருகே ஓட்டை உடலுக்குள் மறைத்துக்கொண்ட பெலம்னைட்டுகளின் எச்சங்களும் கிடைக்கின்றன. தலைக்காலிகள் என்ற இந்த வகுப்பு சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், அறை அறையாகப் பிரிந்த ஓட்டில் வாயுவை நிரப்பி மிதக்கக் கற்ற சிறு உயிர்களில் தொடங்கியது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட்டுகள் அழிந்தன. வெளி ஓட்டோடு இன்று மிஞ்சியிருப்பது நாட்டிலஸ் ஒன்றே. மற்றவை ஓட்டை உள்ளே இழுத்துக்கொண்டன அல்லது கைவிட்டன. கோவளம் மணலில் ஒதுங்கும் வெள்ளைக் கணவாய் ஓடு அந்தப் பழைய மிதவை ஓட்டின் மிச்சம். இன்றும் அது நுண்ணிய அறைகள் கொண்டது, இன்றும் மிதக்க உதவுவது. ஊசிக்கணவாயில் அது மெல்லிய ஒளிபுகும் தகடாகிவிட்டது. ஆக்டோபஸில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கவசத்தை இழந்த மென்மையான உடல், வேகமும் தாடை வலுவும் பெற்றுவந்த மீன்களின் நடுவே எப்படிப் பிழைத்தது? கண்ணாலும் வேகத்தாலும் நிறம் மாற்றும் தோலாலும். இவை அத்தனையையும் நொடிக்கு நொடி நடத்த மூளை வேண்டியிருந்தது. மீன்களோடு போட்டியிட்டுத்தான் தலைக்காலிகள் மீன்களைப் போலவே ஆயின என்று 1972-ல் ஆண்ட்ரூ பேக்கர்டு எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். பாக் நீரிணைப் பகுதியில் விரல்சங்கு ஓடுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கிப் பேய்க்கணவாய் பிடிக்கும் பழக்கம் உண்டு. ஓட்டை விட்ட உயிர் ஒளிவதற்கு இன்னொரு மெல்லுடலியின் ஓட்டைத் தேடி வருவதை அந்த மீனவர்கள் எந்த ஆய்வகத்துக்கும் முன்பே கவனித்துவிட்டார்கள்.

இந்த மூளை நம்முடையதன் சிறிய நகல் அல்ல. உணவுக்குழாயைச் சுற்றி நரம்பு முடிச்சுகள் இணைந்து வளையமாக வளர்ந்தது. கணவாய் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூளையின் நடுவே போகிறது. ஆக்டோபஸின் நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. ஒவ்வோர் உறிஞ்சியும் தொட்டதைச் சுவைக்கவும் செய்கிறது. அதற்கான ஏற்பிகளை 2020-ல் ஹார்வர்டில் நிக்கலஸ் பெல்லோனோவின் குழு அடையாளம் கண்டது. கைகள் பாதத்திலிருந்து வந்தவை: கரு வளர்ச்சியில் அவை பாதத்தின் அரும்புகளாகத் தோன்றித் தலையை நோக்கி நகர்கின்றன. உடலின் முன்பின் வரிசையை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் இங்கே புதிய வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை 2003-ல் ஒரு சிறு கணவாய் இனத்தில் காட்டினார்கள். கண் நம் கண்ணைப் போலவே வில்லையும் விழித்திரையும் கொண்டது, ஆனால் ஒளியுணர் செல்கள் நேராக ஒளியைப் பார்த்து அமைந்திருப்பதால் நமக்கிருக்கும் குருட்டுப் புள்ளி அதற்கில்லை. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை 55 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த ஒரு புழு போன்ற சிற்றுயிர். இதற்கெல்லாம் மேலாக, 2011-ல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் மெல்லுடலிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட குடும்ப மரங்களில், தலையுள்ள நத்தை தலையுள்ள கணவாயைவிடத் தலையற்ற சிப்பிக்கு நெருங்கிய உறவாக வந்தது. அப்படியானால் நத்தையின் செறிந்த மூளையும் கணவாயின் பெரிய மூளையும் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்தவை அல்ல, தனித்தனியே தோன்றியவை. ஒரே தொகுதிக்குள் மூளை பலமுறை பிறந்திருக்கிறது என்று நரம்பியலாளர் லியோனிட் மோரோஸ் வாதிடுவதும் இதைத்தான்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு மரபணுக்களிலிருந்தே வருகிறது. கண் உருவாகத் தேவையான பாக்ஸ்-6 மரபணு ஈயிலும் எலியிலும் கணவாயிலும் இருக்கிறது. நரம்பில் மின்துடிப்பு ஓடும் முறையும் பொது, 1936-ல் ஜே.இசட். யங் கவனப்படுத்திய கணவாயின் ராட்சத நரம்பிழையில்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் அந்த முறையை விளக்கினார்கள். அங்கே கண்டது மனித நரம்புக்கும் பொருந்திற்று. 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியிருக்க மூளைகள் தனித்தனியே தோன்றின என்று எப்படிச் சொல்வது? மறுப்பில் உண்மை இருக்கிறது. நரம்பணுவும் அதை ஆக்கும் மரபணுக்களும் மிகப் பழைய பொதுச்சொத்து. ஆனால் ஒரே புள்ளிகளை வைத்து வெவ்வேறு வீட்டு வாசலில் வெவ்வேறு கோலம் விழுவதைப் போல, பொதுவான மரபணுக்களிலிருந்து எழுந்த அமைப்புகள் வேறு வேறு. 2015-ல் ஆக்டோபஸின் மரபணுத் தொகுதி வெளியானபோது, நரம்பணுக்கள் ஒன்றையொன்று இனங்கண்டு இணைய உதவும் புரோட்டோகேடரின் மரபணுக்கள் அதில் 168 இருந்தன. முதுகெலும்பிகளிலும் அந்தக் குடும்பம் பெருகியிருக்கிறது, ஆனால் தனிவழியில். 2022-ல் பெர்லின் ஆய்வாளர்கள் ஆக்டோபஸின் நரம்புத் திசுவில் செயல்படும் நுண் ஆர்என்ஏக்களும் அதே கிளையில் புதிதாகப் பெருகியவை என்று காட்டினார்கள். இரண்டு கிளைகள் ஒரே சிக்கலுக்குத் தனித்தனியே விடை கண்டன. அவற்றில் ஒன்றை மற்றொன்றின் கீழ்ப்படி என்று சொல்ல வழியில்லை.

வேறொரு மறுப்பு மனிதப் பெருமிதத்திலிருந்து வருவது; அதையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரி, இந்தியாவின் பழைய கற்கால ஆய்வுக்கே தொடக்கம். அந்தக் கல்லைச் செதுக்கிய கை, அதைப் பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுத்தது. ஆக்டோபஸுக்கு அது உண்டா? இந்தோனேசியக் கடலடியில் பிளந்த தேங்காய்க் கொட்டாங்கச்சிகளைச் சுமந்து போய்ப் பின்னர் அதற்குள் ஒளியும் ஆக்டோபஸ்களை 2009-ல் ஜூலியன் ஃபின் குழு பதிவு செய்தது. ஆனால் அந்தத் திறன் அடுத்த தலைமுறைக்குப் போதிக்கப்படுவதில்லை. பெரும்பாலான இனங்கள் ஓரிரு ஆண்டே வாழ்கின்றன. முட்டைகள் பொரிக்கும் சமயத்தில் தாய் இறந்துவிடுகிறது. ஆம், பண்பாடு மனிதனுடையது. அதில் நமக்கு நிகர் இல்லை. ஆனால் இந்த உண்மை ஏணியைத் தாங்கவில்லை, உடைக்கிறது. நீண்ட ஆயுளும் கூட்டு வாழ்க்கையும் இருந்தால்தான் பெரிய மூளை வரும் என்று முதுகெலும்பிகளை மட்டும் பார்த்து வகுத்த விதி, தனியாகப் பிறந்து தனியாகக் கற்று ஓராண்டில் முடியும் ஓர் உயிரிடம் பொருந்தாமல் போகிறது. நாட்டிலஸ் இன்னும் ஒரு படி போய்க் குழப்புகிறது. கணவாய்களில் கற்றலோடு தொடர்புபடுத்தப்படும் செங்குத்து மடல் அதற்கு இல்லை. இருந்தும் நீல ஒளிக்குப் பின் உணவு வரும் என்று கற்று, ஒரு நாள் கழித்தும் நினைவு வைத்திருந்ததை 2008-ல் ராபின் குரூக்கும் ஜெனிஃபர் பாசிலும் கண்டார்கள்.

ஏணி இல்லையென்றால் சிப்பியும் ஆக்டோபஸும் சமமா என்று கேட்கலாம். இல்லை. 50 கோடி நரம்பணுவும் மூன்று இணை முடிச்சும் ஒன்றல்ல. வலியை உணர்வதிலும் கற்பதிலும் வேறுபாடு பெரிது. நான் மறுப்பது வேறுபாட்டை அல்ல, தொகுதியின் பெயரைப் பார்த்து ஒரே கோட்டில் தரம் போடுவதை. பிரிட்டன் 2022-ல் விலங்குகளின் உணர்திறன் குறித்து இயற்றிய சட்டத்தில் முதுகெலும்பிகளோடு கணவாய், ஆக்டோபஸ் வகைகளையும் நண்டு, இறால் வகைகளையும் சேர்த்தது, சிப்பியைச் சேர்க்கவில்லை. ஒரே தொகுதியில் ஒன்றை எடுத்து ஒன்றை விட்டது முரண்பாடு அல்ல. ஆதாரத்தை எடைபோட்டு எடுத்த முடிவு. அப்படித்தான் செய்ய வேண்டும். தொல்காப்பியர் நத்தையைத்தானே சொன்னார், கணவாயைச் சொல்லவில்லையே என்று வாதிடும் தமிழன்பர்களுக்கும் இதுவே பதில். நத்தைக்குக் கண்ணும் மோப்பமும் உண்டு என்று இன்று தெரிகிறது. அதனால் அவர் பெருமை குறையாது. எந்தெந்தப் புலன் எந்த உயிருக்கு என்று கேட்கத் தொடங்கியதே அவர் விட்டுச்சென்ற செல்வம். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்பதுதான் மரபைக் காப்பது. விடையை உறையவைப்பது அல்ல.

எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போவது கற்பிக்க வசதி என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வரிசை இருக்கட்டும். மெல்லுடலிகள் பாடத்தில் மட்டும், தலை இழந்த சிப்பியையும் ஓடு இழந்த கணவாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வாழ்க்கை எந்த மூளையைக் கேட்டது என்று ஒரு வகுப்பு நடத்தினால் போதும். தாம்பரம், சேலையூர், வண்டலூர் பள்ளிகளுக்கு அதற்கான பொருள் மீன் கடையிலும் ஏரிக்கரையிலும் கிடைக்கிறது. எதையும் அறுக்கத் தேவையில்லை.

ஏரிக்கரை என்றதும் கடைசியாக வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். தாழ்ந்த உயிர் என்ற எண்ணம் நிலத்தில் என்ன செய்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தகுதி பெற்றது. அதைப் பற்றிய பேச்செல்லாம் பறவைகளைப் பற்றியது. வேடந்தாங்கலுக்கும் இங்கும் வரும் நத்தைகுத்தி நாரையைப் படம் எடுக்கிறோம். அது குத்தித் தின்னும் நத்தையை யாரும் எண்ணுவதில்லை. ஆப்பிள் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற பையும் உண்டு. ஏரி வற்றும் கோடையில் மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழைவரை உறங்குகிறது. ஏரிகளை நாம் தூர்வாருவதும் அதே கோடையில்தான். பொக்லைன் அள்ளி லாரியில் ஏற்றும் வண்டலோடு அந்த ஏரியின் அடுத்த தலைமுறை நத்தைகளும் போகின்றன. தூர்வாரத்தான் வேண்டும், வெள்ளத்தில் தவிக்கும் புறநகருக்கு அதைவிட்டால் வழியில்லை. ஆனால் ஏரியை ஒரே கோடையில் முழுதும் சுரண்டாமல் பகுதி பகுதியாகச் செய்வதும், கரையோரச் சேற்றில் ஒரு பட்டையைத் தொடாமல் விடுவதும் பெரிய செலவு அல்ல. தாம்பரம் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் அடுத்த தூர்வாரும் பணிக்கான ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். பணிக்கு முன்பும், மழைக்குப் பின்பும் ஏரியின் நத்தைகளையும் மட்டிகளையும் எண்ணிப் பதிவு செய்யும் வேலையை இந்தப் பகுதிக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் ஏற்க வேண்டும். செம்பாக்கத்திலிருந்தே தொடங்கலாம்.